அளவுக் கொப்பியும் எங்கள் கடைவீதியும்

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், பண்டாரவளையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஒரு சிறிய கடைவீதியில் 1957ஆம் ஆண்டு நான் பிறந்தேன். அந்த இடத்தின் பெயரையோ அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களையோ இங்கே எழுதப் போவதில்லை. அந்த வீதியின் நினைவுகளை நான் சேர்க்கப் போனபோது என்னிடம் மனம்விட்டுப் பேசியவர்களுள் பலர் அந்த உறுதியைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பேசினார்கள். பெயர் சொல்லாததால் பெரிய குறை ஏதும் வந்துவிடாது, ஏனென்றால் அந்த வீதியில் பெரியவர்களை யாரும் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. பேக்கரி மாத்தயா, சலூன் அண்ணன், பீங்கான் கடை நானா, பெரிய கடை முதலாளி, மருந்துக்கடைப் பாட்டி என்று தொழிலும் உறவுமே அங்கே பெயர்களாக இருந்தன. என் அப்பா தையல்கார ஐயா. ஆசிரியையாக வேலை செய்து ஓய்வுபெற்ற பின்பும் அந்தப் பக்கம் போனால் நான் தையல்கடைப் பிள்ளைதான்.

மலைச்சரிவை வெட்டிப் போட்ட பாதை என்பதால் வீதிக்கு மேல்பக்கம், கீழ்பக்கம் என்று இரண்டு பக்கங்கள் இருந்தன. மேல்பக்கக் கடைகளுக்குப் பின்னால் மண்சுவர். மழைக்காலத்தில் அதிலிருந்து நீர் கசிந்து உட்சுவர் முழுவதும் பூஞ்சணம் பிடிக்கும். கீழ்பக்கக் கடைகள் முன்னால் பார்த்தால் ஒரு தட்டு, பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் குடும்பம், மேல்தட்டில் வியாபாரம். எல்லாவற்றுக்கும் தகரக் கூரை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைமழை அந்தத் தகரத்தில் விழும்போது கடைக்காரர்கள் கையைக் காட்டித்தான் விலை சொல்ல வேண்டியிருக்கும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று காய்ந்து வீசும். ஊவாவின் தேயிலைக்கு உலகச் சந்தையில் நல்ல விலை கிடைக்கும் காலம் அதுதான் என்று பெரியவளான பிறகு படித்தேன். சிறுமியாக இருந்தபோது அந்தக் காற்று எனக்குத் தந்தது வெடித்த உதடுகளும், கூரை ஆணிகள் இரவெல்லாம் கிறீச்சிடும் சத்தமும்தான்.

இந்த வீதியின் நினைவுகளைச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் வேறோர் ஊரில் வைத்துத்தான் எனக்கு வந்தது. என் தங்கையை மஸ்கெலியாவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்கடியில் போய்விட்டது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இருந்த இடங்கள் வெளியே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு கோடையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மாமனார் வெடித்துக் கிடந்த சேற்றில் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முதல் நாள் இரவு சாப்பாட்டு நேரத்தில் நான் பழைய டவுனைப் பற்றிக் கேட்டபோது, "எல்லாம் மறந்துபோச்சும்மா, அம்பது வருசம் ஆச்சே" என்று கையை விரித்தவர் அவர். அங்கே நடக்கத் தொடங்கியதும் பத்து அடிக்கு ஒருமுறை நின்றார். இது சலூன், இது சுருட்டுக்கடை, இந்தப் படியில்தான் ஒரு பைத்தியக்காரர் உட்கார்ந்திருப்பார், இங்கே இருந்து கொஞ்சம் இறக்கம் என்று கால் போகும் வரிசையிலேயே அவர் வாய் பேசியது. மறந்துவிட்டதாக அவர் சொன்னதும் பொய்யில்லை. தலையிலிருந்து போனது காலில் மீதமிருந்தது.

எங்கள் வீதி நீரில் மூழ்கவில்லை. பாதையை அகலப்படுத்தியபோது கீழ்பக்கத்தில் பாதி போனது. மிச்சமிருந்த தகரக் கூரைகள் ஒவ்வொன்றாகக் கொங்கிரீட் ஆகின. இன்று அங்கே தொலைபேசி விற்கும் கடைகளும் மருந்தகங்களும் இருக்கின்றன. பழைய வீதியைக் காலால் அறிந்தவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள்.

நான் முதலில் செய்த வேலை வீணாகப் போனது. பாடம் நடத்தியவள் என்பதால் 24 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தேன். வயதானவர்கள் தலைவாரிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து அமர்ந்து, சாட்சி சொல்வதுபோலப் பேசினார்கள். "அந்தக் காலத்தில எல்லாரும் ஒத்துமையா இருந்தோம் டீச்சர்" என்ற வாசகம் ஏறத்தாழ எல்லோருடைய வாயிலிருந்தும் வந்தது. ஒன்பது பேருடன் பேசி முடித்தபோது, எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை இருந்தது என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு மஸ்கெலியாவில் பார்த்ததைச் செய்தேன். நடக்க முடிந்தவர்களை வீதியின் மலைநீர் விழும் பீலிப்பக்க முனைக்கு அழைத்துப் போய், "இங்கே இருந்து தொடங்கி, பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு வரைக்கும் என்னைக் கூட்டிப் போங்கள்" என்று மட்டும் சொன்னேன். நடக்க முடியாதவர்களுக்கு, பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி நீளமாக்கி, நடுவில் இரண்டு கோடுகள் இழுத்து, பென்சிலைக் கையில் கொடுத்தேன். எழுதத் தெரியாதவர்களிடம் தீப்பெட்டிகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னேன். அதற்குப் பலன் கிடைத்தது, ஏனென்றால் தீப்பெட்டியைத் தள்ளி வைப்பது எழுதியதை அழிப்பதைப்போல் ஒருவரைக் கூச வைப்பதில்லை. "இதற்கு அடுத்தது எது?" என்ற ஒரு கேள்வி, என் 24 கேள்விகளும் கொண்டுவராததைக் கொண்டுவந்தது. அடுத்த கடையைத் தேடும்போது அதன் வாசனை வரும், வாசனையோடு அங்கே இருந்தவர் வருவார், அவரோடு அவரிடம் பட்ட கடனும் வரும்.

ஆண்டைக் கேட்பதையும் நிறுத்தினேன். "எந்த வருசம்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தடுமாறுவார், அல்லது உங்களைத் திருப்திப்படுத்த ஒன்றைச் சொல்வார். என் முதல் வரைபடத்தில் 1965இல் மூடிய வெற்றிலைக் கடையும் 1979இல் திறந்த ரேடியோ திருத்தும் கடையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மூத்த பிள்ளை அப்போது இடுப்பில் இருந்ததா, பள்ளிக்கூடம் போனதா என்று கேட்க வேண்டும். பாண் வரிசைக்கு முன்பா பின்பா, இந்தியாவுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்த நேரமா, தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகா என்று கேட்க வேண்டும். தோட்டக் கம்பனிகளின் காணிகளை அரசு எடுத்தது 1975இல் என்பது எல்லோருக்கும் ஆண்டாகத் தெரியாது. தோட்டத்துத் துரை மாறியது எல்லோருக்கும் தெரியும். இப்படிக் கேட்டு, ஒரே வீதிக்கு மூன்று வரைபடங்கள் வரைந்தேன். ஒன்று நான் பள்ளியில் சேர்ந்த காலத்தது, இரண்டாவது 1974ஐ ஒட்டியது, மூன்றாவது 1983 ஜூலைக்கு முந்தியது.

முதல் வரைபடத்தில் 31 கதவுகள் இருக்கின்றன. வீதியில் மிகப் பெரியது பெயருக்கேற்ப பெரிய கடை. அரிசி, பருப்பு, கருவாடு, மாசி, மண்ணெண்ணெய், கம்பளி, கவ்வாத்துக் கத்தி, வெற்றிலை எல்லாமே அங்கே ஒரே கூரைக்குக் கீழே இருந்தன; அதனால் அங்கே வாங்கிய சீனியில் எப்போதும் மண்ணெண்ணெய் மணக்கும் என்று மூன்று பேர் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. அதற்கு அடுத்து வரும் ஞாயிறு எங்கள் வீதிக்குத் திருநாள். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து குறுக்குப் பாதைகளால் ஆட்கள் இறங்குவார்கள். பெண்கள் கொழுந்துக் கூடை இல்லாமல் வெறும் முதுகோடு நடந்து வருவதைப் பார்க்கவே எனக்கு வேறு மாதிரி இருக்கும். முதலில் பெரிய கடையில் கடனாக வாங்கியிருந்த பற்றைக் கொடுப்பார்கள். முழுப் பற்றையும் தீர்த்தவரை நான் பார்த்ததில்லை. பிறகு பிள்ளைகளுக்குப் பேக்கரியில் பணிஸ், ஆண்களுக்குச் சலூன், வீட்டுக்கு ஒரு பீங்கானோ சட்டியோ. தீபாவளி முற்பணம் கொடுத்துவிட்டார்களென்றால் புடவைக்கடையிலிருந்து துணியை வெட்டிக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வருவார்கள்.

அப்பாவிடம் சிங்கர் மெஷின்கள் இரண்டு இருந்தன. கடை எட்டடி அகலம்; வாசலில் இரண்டு கருங்கல் படிகள். ஐப்பசி மாதத்தில் அவர் இரவு பன்னிரண்டு மணிக்கு முன்னால் படுத்ததில்லை. பெற்றோமக்ஸ் விளக்கின் இரைச்சலும் மெஷினின் சத்தமும் சேர்ந்த ஓசையில்தான் நான் தூங்கிப் பழகினேன். அளவெடுத்ததை அவர் நீளமான சீ.ஆர். கொப்பிகளில் எழுதுவார்: ஆள், அவர் குடியிருக்கும் தொழிலாளர் வரிசைவீடான லயம், தோட்டம், பிறகு நீளம், தோள், மார்பு, கை, இடுப்பு. 1961 முதல் 1982 வரையான 14 கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. வீதியின் நினைவைச் சேர்க்கத் தொடங்கியபோது அவற்றை நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. கடைகளின் பெயர்ப்பலகைகளும் படங்களும் கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருந்தேன். அறிவிலும் பழக்கத்திலும் எனக்கு மிக அருகில் இருந்ததைக் கடைசியாகத்தான் திறந்தேன்.

இப்படிப்பட்ட பழைய கொப்பிகள் வைத்திருப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவற்றை வெயிலில் காயவைக்கக் கூடாது, வெயில் மையை வெளிறச் செய்துவிடும். நிழலில், காற்றோட்டமான அறையில், தாளுக்கிடையே மை படாத வெற்றுத் தாளைச் செருகி, நாள்கணக்கில் பொறுமையாக உலர வைக்க வேண்டும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா போடுவதைப்போன்ற தீங்கு வேறில்லை. இரண்டு கொப்பிகளில் நானே அப்படிச் செய்து, நாடா மஞ்சளாகிப் பசை எழுத்தைத் தின்றதைப் பார்த்திருக்கிறேன். படம் எடுப்பதானால் ஜன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சத்தில், பக்க எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து எடுங்கள். ஒரு பிரதி உங்களிடமும் மற்றொன்று வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடமும் இருக்கட்டும். எங்கள் குடும்பம் ஒரே இரவில் வீட்டை விட்டு வெளியேறிய குடும்பம் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

கொப்பிகளில் எண்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்று முதலில் நினைத்தேன். வரிசையாகப் படித்தபோதுதான் ஆட்கள் வளர்வது தெரிந்தது. 1963இல் 16 அங்குல நீளப் பாவாடை எடுத்த பிள்ளை 1972இல் கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்திருக்கிறாள். 1971 தீபாவளிக்கு இடுப்பு 31 என்று எழுதப்பட்ட கவ்வாத்துக்காரர் ஒருவருக்கு 1974 தீபாவளிக்கு 28. ஒருவர் மட்டும் அல்ல. அந்தக் கொப்பியில் திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் மெலிந்திருந்தார்கள், வராதவர்கள் அதைவிட அதிகம். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அரிசியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகத் தடை இருந்தது. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றது. மரவள்ளிக் கிழங்கு நடுவதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் பட்டினிக்கு முதலில் பலியானார்கள். அப்பா அந்தக் கொப்பியில் ஒரு வார்த்தைகூடக் கருத்தாக எழுதவில்லை. நாடா என்ன காட்டியதோ அதை எழுதினார்.

பெயர்களின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இந்தியா" என்று எழுதிய வரிகளும் நிறைய இருந்தன. 1964 அக்டோபர் 30இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கள் வீதிக்கு அது ஒவ்வொரு குடும்பமாக வந்தது. போகிறவர்கள் கப்பலுக்கு முன்னால் புதுத்துணி தைத்துக்கொள்வார்கள். அதனால் யார் யார் போகிறார்கள் என்பது ரயில் நிலையத்துக்கு முன்பே எங்கள் கடைக்குத் தெரிந்துவிடும். தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று மலைநாடு முழுவதும் சொன்னார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட எத்தனையோ பேருக்கு, இந்த நாட்டில் அவர்கள் பெயரை எழுதி வைத்திருந்த தாள்கள் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலும் பெரிய கடைப் பற்றுக் கொப்பியும் அப்பாவின் அளவுக் கொப்பியும்தான். நீலகிரியில் கொழுந்து பறித்து ஓய்ந்திருக்கும் ஒரு பாட்டிக்குத் தொலைபேசியில் அவருடைய 1969ஆம் ஆண்டுப் பக்கத்தை அனுப்பினேன். அவர் அதில் தன் பெயரைப் பார்க்கவில்லை. கூடவே எழுதப்பட்டிருந்த, கப்பல் ஏறும் முன்பே இறந்துபோன தம்பியின் சட்டை அளவைத்தான் பேத்தியிடம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாராம்.

1983 ஜூலைக் கடைசியில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றி நான் எவரிடமும் கேள்வி கேட்டதில்லை. சொல்ல விரும்பியவர்கள் சொன்னார்கள், நடுவில் நிறுத்தியவர்களை நான் தொடரச் சொல்லவில்லை. கச்சான் காற்று வீசும் மாதம் அது. மேல்பக்கத்தில் எட்டுக் கடைகள் எரிந்தன, எங்களுடையதும் அதில் ஒன்று. கொப்பிகள் தப்பியது, அன்று பின்னேரம் அப்பா அவற்றையும் ஒரு மெஷினின் தலையையும் சாக்கில் கட்டி எதிர்ப்பக்கத்துப் பேக்கரி வீட்டில் கொடுத்ததால். மாத்தறைப் பக்கத்திலிருந்து வந்து பேக்கரி போட்ட சிங்களக் குடும்பம் அது. மூன்று மாதம் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். கொப்பிகளின் தையலைப் பிரித்தால் இன்றும் இடுக்கில் வெள்ளையாக மாவு இருக்கிறது. அந்த வீட்டு மகள் என் வயதுக்காரி. இப்போது தெற்கில் இருக்கிறாள். எங்கள் வீதித் தமிழை அதே இழுவையோடு பேசுகிறாள், தமிழர்களே மறந்துவிட்ட பட்டப்பெயர்களை அவள்தான் எனக்கு எடுத்துக் கொடுத்தாள்.

இதுவரை எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு நான் நிறுத்தியிருந்தால், வீதியைக் கடைக்கு உள்ளேயிருந்து மட்டும் பார்த்தவளாகவே இருந்திருப்பேன். என் வரைபடங்கள் மூன்றும் முடிந்துவிட்டன என்று நான் நம்பிய நேரத்தில், மேல் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவைச் சந்திக்கப் போனேன். எண்பதைத் தாண்டியவர். லயத்து வாசலில் பாய் விரித்து உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்தார். நான் அப்பாவைப் பற்றி எல்லோரும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்: ஆளைப் பார்த்த மாத்திரத்தில் நாடா இல்லாமலே அளவு சொல்லிவிடுவார், அப்படியொரு கண். எங்கள் வீட்டில் இது பெருமைக்குரிய கதை. அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஒங்க அப்பா எல்லாரையும் கண்ணால அளக்கல. எங்க லயத்து ஆளுகளத்தான் கண்ணால அளந்தாரு. எங்க மேல அவரு டேப்பு பட்டதே இல்ல."

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். அவர்கள் லயத்து ஆட்கள் அந்த இரண்டு கருங்கல் படிகளில் கீழ்ப்படியில் நிற்க வேண்டும். அப்பா உள்ளேயிருந்து பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே எழுதுவார். குறைந்துவிடக் கூடாதென்று தாராளமாகப் பிடித்துத் தைப்பார். "தீவாளிக்குச் சட்டையப் போட்டா தொளதொளன்னு கெடக்கும். அதப் பாத்தே எந்த லயத்துப் புள்ளன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்." வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் உடுத்தக் காணட்டும் என்று பெற்றோர்தான் பெரிதாகத் தைக்கச் சொல்கிறார்கள் என்று அன்றுவரை நான் நினைத்திருந்தேன். அந்தச் சட்டைகளைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கொப்பிகளைத் திறந்தேன். சில பெயர்களுக்குப் பக்கத்தில் "க" என்ற ஓர் எழுத்து இருக்கும்; அதைக் கடன் என்று எடுத்துக்கொண்டு, நான் தயாரித்த பட்டியலில் அப்படியே பதிந்தும் வைத்திருந்தேன். அப்பாவிடம் தொழில் கற்று, இன்று பண்டாரவளையில் சொந்தமாகக் கடை வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டேன். அவரும் அதே லயத்துப் பிள்ளை. "கடனுக்குத் தனிக் கொப்பி இருந்துச்சே டீச்சர். அது கண்ணளவு" என்றார். அவர் 1974இல் பதினான்கு வயதில் சேர்ந்தவர். முதல் இரண்டு ஆண்டுகள் கீழ்ப்படியில் உட்கார்ந்து காஜா எடுத்தும் பொத்தான் தைத்தும் வேலை செய்திருக்கிறார். 1976இல் கடைக்குள் வந்தார். அந்த ஆண்டிலிருந்து கொப்பியில் "க" குறைந்து, பிறகு இல்லாமலே போகிறது. அப்பாவின் மனம் மாறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட எண்ணினேன். எண்களை உற்றுப் பார்த்தபோது சாய்வான வேறு கையெழுத்து தெரிந்தது. அந்த லயத்து ஆட்களை அதன் பிறகு அளந்தது அவர். தன் உறவுக்காரர்களின் தோளில் முதல்முறை நாடா வைத்தபோது கை நடுங்கியதாகச் சொன்னார். அப்பாவைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை; தொழிலை ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார் என்று பலமுறை சொன்னார். இரண்டையும் அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்.

கொழும்பில் இருக்கும் என் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. எதிர்த்துப் பேச முடியாத மனிதரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார். அப்பாவை நான் அவரைவிடக் குறைவாக நேசிக்கவில்லை. ஆனால் அந்தக் கீழ்ப்படியில் நின்றவர்களும் எதிர்த்துப் பேச முடியாதவர்களாகத்தான் நின்றார்கள், அவர்கள் நின்ற இடம் என் வரைபடத்தில் வெறும் படியாக இருந்தது. இத்தகைய வேலையில் இறங்குகிறவர்கள் ஒவ்வொரு கடைக்கும் குறைந்தது இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் உள்ளே இருந்தவர், இன்னொருவர் வெளியே நின்றவர். தேநீர்க்கடையில் எந்தக் கோப்பையில் கொடுத்தார்கள், எங்கே உட்கார வைத்தார்கள், சலூனுக்குள் யார் போக முடியவில்லை என்பதை உள்ளே இருந்தவர்கள் வேண்டுமென்று மறைப்பதில்லை. அவர்களுக்கு அது நினைவில் நிற்கும் விஷயமாகவே இருந்ததில்லை. பெரிய கடைக்காரர் நடத்திய கணக்கைப் பற்றியும், இந்தியாவுக்குப் போகிறவர்களின் வெண்கலச் செம்புகளை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதைப் பற்றியும் இதே முறையில் கேட்டபோதுதான் தெரியவந்தது.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கடையின் பற்றுக் கொப்பி ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில், கோயில் மண்டபத்தில் கூடியிருந்தவர்களுக்கு முன்னால் சில பக்கங்களை வாசித்தேன். 1970இல் ஒருவர் தீர்க்காமல் விட்ட தொகை அதில் இருந்தது. அவருடைய மகன் அங்கேயே இருந்தார், தலை குனிந்தார், அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. கடன், கல்யாணம், வெளியேற்றம் தொடர்பான தாள்களை அந்தக் குடும்பத்துக்குத் தனியாகக் காட்டி, அவர்கள் சரி என்றால் மட்டுமே மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதை அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறேன். அவர் வீட்டுக்கு இரண்டு முறை போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது முறை உட்காரச் சொன்னார்.

அந்த முறையின்படியே, அப்பாவைப் பற்றியும் கீழ்ப்படியைப் பற்றியும் எழுதிய பக்கங்களை எடுத்துக்கொண்டு மீண்டும் மேல் தோட்டத்துக்குப் போய் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எதையும் மாற்றச் சொல்லவில்லை. பிறகு வரைபடத்தைக் காட்டச் சொன்னார். பேரனை விட்டு ஒவ்வொரு கடையாகப் படிக்கவைத்து, விரலை அதன் மேல் நகர்த்திக்கொண்டே போனார். தேநீர்க்கடை வந்ததும் விரல் நின்றது.

"இங்கன நாங்க போறதில்ல. சம்பளத்துக்கு எறங்குனா பீலியிலதான் தண்ணி குடிப்போம். பீலி எங்க?"

வீதியின் முனையில் நான் வரைந்திருந்த பீலியைக் காட்டினேன்.

"அது பொழங்குற பீலி டீச்சர், குளிக்கிறதுக்கு. எங்களுக்கு வேற ஒண்ணு இருந்துச்சு."

பென்சிலை அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, என் கையைப் பிடித்துத் தாளின் மேல் கீழ்பக்கமாக நகர்த்தினார். புடவைக்கடைக்கும் சலூனுக்கும் இடையில் ஆளொருவர் பக்கவாட்டில் மட்டுமே நுழையக்கூடிய ஒரு சந்து இருந்ததாம். அதற்குள் இறங்கினால் மூங்கில் பீலி. அறுபது ஆண்டுகளில் நான் ஒருநாளும் அந்தச் சந்துக்குள் போனதில்லை. சந்தை வரைந்து, முடிவில் ஒரு புள்ளி வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார். "ஏழு படி எறங்கணும்."